பேஸ்பால் பருவத்தின் நீளம்

ஓர் ஆட்டத்தில் வல்லவர் யார் என்று முடிவு செய்ய எத்தனை முறை ஆடிப் பார்க்க வேண்டும்? மற்போருக்கு ஒரு முறை போதும் என்பார்கள். ஓட்டப் பந்தயத்திற்கும் அவ்வாறே. இங்கிலாந்தின் முதல்வரிசைக் கால்பந்துக் குழுக்கள் ஒரு பருவத்தில் 38 முறை ஆடி முடிவுக்கு வருகின்றன. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ, முதல்தரப் பேஸ்பால் குழு ஒவ்வொன்றும் ஆண்டொன்றுக்கு 162 ஆட்டங்கள் ஆடுகிறது. மார்ச் இறுதியில் தொடங்கிச் செப்டம்பர் இறுதி வரையில், ஏறக்குறைய ஆறு மாதங்கள், வாரத்தில் ஆறு நாட்கள் ஆட்டம் உண்டு. அதன் பின்னரே முதலிடத்திற்கான முடிவுப் போட்டிகள் நடைபெறுகின்றன.

இந்த 162 என்னும் எண் எவரோ ஓர் அறிஞர் ஆய்ந்து வகுத்ததன்று. இருப்புப்பாதையும், ஞாயிற்றுக்கிழமைச் சட்டமும், ஆகாய விமானமும், வாய்ப்பாட்டுக் கணக்கும் சேர்ந்து அதை உருவாக்கின. அதன் அடியில் ஓர் உடன்படிக்கையும் இருக்கிறது. தோற்றாலும் வென்றாலும், இலாபம் வந்தாலும் நட்டம் வந்தாலும், குறித்த ஆட்டங்கள் அனைத்தையும் எல்லோரும் ஆடி முடிக்க வேண்டும் என்பதே அது. அந்த உடன்படிக்கை எவ்வாறு தோன்றியது, எங்கெங்கே முறிந்தது, யார் யாருக்கு அதில் இடமே அளிக்கப்படவில்லை என்பதைச் சொல்வதே இக்கட்டுரை.

முதலில் ஆட்டத்தின் இயல்பைச் சற்று அறிதல் வேண்டும். கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்கு அது கடினமன்று. பக்கத்திற்கு ஒன்பது பேர். ஒவ்வொரு பக்கமும் மாறி மாறி ஒன்பது முறை மட்டையெடுக்கும். ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும். ஆட்டத்தின் போக்கு பெரும்பாலும் பந்தெறிபவர் கையில் இருக்கிறது. அவர் ஒரு நாள் எறிந்தால் நான்கு நாட்கள் தோளுக்கு ஓய்வு தர வேண்டும். ஆகவே இன்று ஆடும் குழுவும் நாளை ஆடும் குழுவும் ஒரே பெயருடையனவாயினும் ஒரே வலிமையுடையன அல்ல. மிகச் சிறந்த குழுவும் பத்துக்கு நான்கு ஆட்டங்கள் தோற்கும். மிகத் தாழ்ந்த குழுவும் பத்துக்கு நான்கு வெல்லும். ஓர் ஆட்டத்தின் முடிவைக் கொண்டு எதையும் தீர்மானிக்க இயலாது. 1906-ஆம் ஆண்டில் சிக்காகோ கப்ஸ் குழு 116 ஆட்டங்கள் வென்று 36 மட்டுமே தோற்றது. அத்தகைய குழு, பருவ முடிவில் நடந்த ஆறு ஆட்டங்களில் அதே நகரத்து வொய்ட் சாக்ஸ் குழுவிடம் தோற்றுப் பட்டத்தை இழந்தது. அரை ஆண்டு சொன்ன தீர்ப்பு ஒன்று. ஆறு ஆட்டங்கள் சொன்ன தீர்ப்பு மற்றொன்று. நீண்ட பருவத்தின் தேவை இதிலிருந்து விளங்கும்.

‘ஸீஸன்’ என்னும் ஆங்கிலச் சொல்லைப் பருவம் என்று தமிழாக்கும்போது மழையும் வெயிலும் கூடவே வந்துவிடுகின்றன. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இதில் மகிழ்ச்சிதான். ஏனெனில் பேஸ்பால் பருவமும் உண்மையில் வானிலையைப் பொறுத்ததே. வடக்கு நகரங்களில் பனி உருகியபின் தொடங்கி, குளிர் திரும்புமுன் முடிய வேண்டும். இந்த இயற்கை எல்லைக்குள் எத்தனை ஆட்டங்களை அடைக்கலாம் என்பதே வினா.

ஊதியம் பெற்று ஆடுவதை ஒளிவுமறைவின்றி ஏற்றுக்கொண்ட முதற்குழு, 1869-ஆம் ஆண்டின் சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ். அது ஊர் ஊராகச் சென்று அழைத்தவருடன் ஆடியது. அவ்வாண்டு ஒரு தோல்வியும் காணவில்லை. ஆனால் அதற்குப் பருவம் என்று ஒன்று கிடையாது. இரு தரப்பாரும் கடிதம் எழுதி நாள் குறித்து ஆடினர், அவ்வளவே. 1871-ல் தொழில்முறை ஆட்டக்காரர்களின் தேசியச் சங்கம் நியூயார்க்கில் நிறுவப்பெற்றது. பத்து டாலர் கட்டணம் செலுத்திய எந்தக் குழுவும் அதில் சேரலாம். ஒவ்வொரு குழுவும் மற்ற ஒவ்வொன்றுடனும் ஐந்து ஆட்டங்கள் கொண்ட தொடரை ஆட வேண்டும் என்று விதி இருந்தது. என்று, எங்கே என்பதைக் குழுக்களே தம்முள் பேசி முடிவு செய்ய வேண்டும். விளைவு எதிர்பார்க்கத்தக்கதே. முதல் சில வாரங்களில் தோற்ற குழுவினர், தொலைதூரப் பயணச் செலவை எண்ணி வீட்டிலேயே இருந்துவிட்டனர். 1875-ல் பாஸ்டன் குழு 71 ஆட்டங்கள் வென்று 8 தோற்றது. அதே பருவத்தில் அயோவா மாநிலத்தின் கியோகக் என்னும் சிற்றூர்க் குழு 13 ஆட்டங்கள் ஆடி, அவற்றுள் ஒன்றை மட்டும் வென்று, கலைந்து போயிற்று. எழுபத்தொன்பது ஆடியவரையும் பதின்மூன்று ஆடியவரையும் ஒரே பட்டியலில் வைத்து எவ்வாறு ஒப்பிடுவது? பார்வையாளர்களும் இதையே கேட்டனர். அடுத்த வாரம் இல்லாமற் போகக்கூடிய ஒரு குழுவின் ஆட்டத்திற்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்?

இந்நிலையை மாற்றியவர் வில்லியம் ஹல்பர்ட். சிக்காகோவின் வணிகர், அந்நகரக் குழுவின் தலைவர். 1876 பிப்ரவரி 2-ஆம் நாள் நியூயார்க்கில் ஒரு விடுதியில் எட்டுக் குழுக்களைக் கூட்டி, இன்றளவும் நிலைத்திருக்கும் நேஷனல் லீகைத் தோற்றுவித்தார். ஒவ்வொரு குழுவும் மற்ற ஏழு குழுக்களுடன் தலா பத்து ஆட்டங்கள், ஆக மொத்தம் 70 ஆட்டங்கள் ஆட வேண்டும். ஆடாமல் விடும் குழு சங்கத்திலிருந்து நீக்கப்படும். எழுத்தில் இது பழைய விதியினின்று பெரிதும் வேறுபட்டதன்று. வேறுபாடு நடைமுறையில் தெரிந்தது.

அந்த முதற் பருவத்தின் இறுதியில் சோதனை வந்தது. பிலடெல்பியாவின் அத்லெடிக்ஸ் குழுவும் நியூயார்க்கின் மியூச்சுவல் குழுவும் வெற்றி வாய்ப்பை இழந்துவிட்டன, கையிலும் பணமில்லை. செப்டம்பரில் சிக்காகோ, செயின்ட் லூயி முதலிய மேற்கு நகரங்களுக்குச் செய்ய வேண்டிய கடைசிப் பயணத்தை அவை செய்ய மறுத்தன. தம் ஊருக்கு வந்து ஆடினால் வசூலில் கூடுதல் பங்கு தருவதாகப் பிலடெல்பியாவினர் சொல்லியும் பார்த்தனர். அவ்விரண்டும் நாட்டின் மிகப் பெரிய நகரங்கள். அவற்றைத் துறந்தால் சங்கத்தின் வருவாய் குன்றும் என்பது ஹல்பர்ட்டுக்குத் தெரியாததன்று. ஆயினும் டிசம்பரில் தலைமைப் பொறுப்பேற்ற அவர், இரண்டையும் நீக்கினார். 1883 வரையில் நேஷனல் லீகில் நியூயார்க்கும் இல்லை, பிலடெல்பியாவும் இல்லை. பேஸ்பால் வரலாற்றில் நான் வியப்பது எந்த மாபெரும் அடியையும் அன்று, இந்தத் தீர்ப்பையே. 1877 முதல் ஆட்ட நாட்களைக் குழுக்கள் குறிக்கும் வழக்கம் ஒழிந்து, சங்கமே அட்டவணை வகுத்து வெளியிடலாயிற்று.

அட்டவணை கைக்கு வந்தபின் பருவம் நீண்டுகொண்டே சென்றது. அது நீண்ட விதத்தில் ஒரு நயமான கணக்கு இருக்கிறது. எட்டுக் குழுக்கள் உள்ள சங்கத்தில் ஒரு குழுவிற்கு எதிர்க்குழுக்கள் ஏழு. ஒவ்வொன்றுடனும் ஆடும் ஆட்டங்கள் இரட்டைப்படையாக இருத்தல் வேண்டும். பாதி சொந்த ஊரில், பாதி அயலூரில். 1880-ல் பன்னிரண்டேழு 84 ஆட்டங்கள். 1883-ல் பதினான்கேழு 98. மறு ஆண்டே 112. 1886-ல் 126. 1888-ல் 140. இறுதியில், 1904-ல், இருபத்திரண்டேழு 154. ஏழாம் வாய்ப்பாடு அறிந்த சிறுவன் அமெரிக்கப் பேஸ்பாலின் இருபத்தைந்து ஆண்டு வளர்ச்சியை ஒப்பித்துவிடலாம். இடையே 1892-ல் பன்னிரண்டு குழுக்கள் இருந்த காலத்திலும் 154 ஆட்டங்கள் நடைபெற்றன. அப்போது பதினொரு எதிர்க்குழுக்களுடன் தலா பதினான்கு.

1901-ல் அமெரிக்கன் லீக் என்னும் இரண்டாவது சங்கம் முதல்தரமெனத் தன்னை அறிவித்துக்கொண்டது. 1903-ல் இரு சங்கங்களும் சமாதானமாயின. அவ்வாண்டு முதல் 1952 வரை, ஐம்பது ஆண்டுகள், அதே பதினாறு குழுக்கள் அதே பத்து நகரங்களில் ஆடின. மேற்கெல்லையும் தெற்கெல்லையும் செயின்ட் லூயி நகரம். பாஸ்டனிலிருந்து அங்குள்ள தொலைவு, சென்னையிலிருந்து தில்லி வரையுள்ள தொலைவிற்குச் சற்றுக் குறைவு. சொந்த ஊரை விட்டு வெகுதொலைவில் பணிபுரியும் நம் நேயர்களுக்கு அத்தகைய இரயில் பயணத்தின் அலுப்பை விளக்க வேண்டியதில்லை. நமக்கு ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ அந்த அனுபவம். ஆட்டக்காரர்களுக்கு அது பருவம் முழுவதும். ஆகவே ஓர் ஊருக்குச் சென்றால் மூன்று நான்கு நாட்கள் தங்கித் தொடராக ஆடிவிட்டு அடுத்த ஊருக்குச் செல்வது வழக்கமாயிற்று. அட்டவணை என்னும் ஒரே சொல்லை நாம் இரயிலுக்கும் ஆட்டத்திற்கும் வழங்குகிறோம். அக்காலத்தில் இரண்டும் உண்மையிலேயே ஒன்றாக இருந்தன.

அட்டவணை வகுப்போருக்கு வேறு தொல்லைகளும் இருந்தன. ஓய்வுநாள் சட்டங்களின்படி பல மாநிலங்களில் ஞாயிறன்று கட்டணம் பெற்று ஆடுதல் குற்றம். நியூயார்க்கில் 1919 வரையும், பாஸ்டனில் 1929 வரையும், பிலடெல்பியாவில் 1934 வரையும் ஞாயிறு ஆட்டமில்லை. உழைக்கும் மக்களுக்கு ஓய்வுள்ள ஒரே நாளில் திடல் மூடிக் கிடந்தது. மழையால் நின்ற ஆட்டங்களை மற்றொரு நாளில் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே பிற்பகலில் இரண்டாக ஆடி ஈடுசெய்தனர். இருள் சூழ்ந்தால் ஆட்டம் நின்றுவிடும். 1935 மே 24-ஆம் நாள் சின்சினாட்டியில்தான் முதல்தரக் குழுக்களின் முதல் இரவாட்டம் நடைபெற்றது. அதிபர் ரூஸ்வெல்ட் வாஷிங்டனிலிருந்து பொத்தானை அழுத்தி விளக்கேற்றி வைத்தார்.

ஒவ்வொரு சங்கத்திலும் முதலிடம் பெறும் குழு தன் திடலில் ஒரு கொடியை ஏற்றிக்கொள்ளும். ஆகவே பருவத்தை வெல்வதைக் கொடியை வெல்வது என்றே அந்நாட்டார் சொல்கின்றனர். 1903-ல் இரு சங்கங்களின் கொடி வென்ற குழுக்கள், பாஸ்டனும் பிட்ஸ்பர்கும், தம் உரிமையாளர்களின் உடன்பாட்டின்படி தமக்குள் ஆடின. இதுவே ‘உலகத் தொடர்’ என்று வழங்கும் போட்டியின் தொடக்கம். அமெரிக்காவுக்குள் நடப்பதற்கு உலகத் தொடர் என்று பெயரா என்று நாம் கேட்கலாம். அவர்கள் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. அடுத்த ஆண்டு நேஷனல் லீகில் கொடி வென்ற நியூயார்க் ஜயண்ட்ஸ் குழுவினர், மற்றச் சங்கத்தாரைச் சமமாகக் கருத மறுத்து ஆட வரவில்லை. பழி வலுக்கவே 1905-ல் இசைந்தனர். அந்தக் குழுவின் உரிமையாளரே பின்னர் அத்தொடருக்கு விதிகள் வகுத்துத் தந்தார்.

எல்லோரும் ஒரே எண்ணிக்கை ஆட வேண்டும் என்னும் விதி எவ்வளவு இன்றியமையாதது என்பதை 1908-ஆம் ஆண்டு காட்டிற்று. அமெரிக்கன் லீகில் டெட்ராய்ட் குழு 90 வென்று 63 தோற்றது. கிளீவ்லாந்து குழு 90 வென்று 64 தோற்றது. வெற்றிகள் சமம். ஆனால் மழையால் நின்ற ஓர் ஆட்டத்தை டெட்ராய்ட் திரும்ப ஆடவில்லை. ஆடும்படி விதியும் வற்புறுத்தவில்லை. ஆடாமல் விட்ட அந்த ஓர் ஆட்டத்தால் கொடி டெட்ராய்ட்டுக்குச் சென்றது. அதன் பின்னர், முதலிடத்தைப் பாதிக்கக்கூடிய ஆட்டங்களைக் கட்டாயம் ஆடி முடிக்க வேண்டும் என்று விதி திருத்தப்பெற்றது.

போர்க்காலம் நீங்கலாக 154 என்னும் எண் அசையாமல் நின்றது. 1918-ல் அரசு ஆணையால் பருவம் செப்டம்பர் 2-ஆம் நாளே நிறுத்தப்பட்டது. 1919-ல் 140 ஆட்டங்கள் மட்டுமே குறிக்கப்பட்டன. மற்றபடி, தாத்தா கண்டதும் பேரன் கண்டதும் ஒரே நீளமுள்ள பருவமே. இவ்வாறு நிலைத்து நின்றதால் எண்களுக்குத் தனி மதிப்பு ஏற்பட்டது. 1927-ல் நியூயார்க் யாங்கீஸ் குழுவின் பேப் ரூத் ஒரே பருவத்தில் 60 ஹோம் ரன்கள் அடித்தார் என்றால், அந்த 60-ன் எடை யாவருக்கும் தெரியும். நீண்ட பருவம் மற்றொரு வகை வீரத்தையும் ஈன்றது. அதே குழுவின் லூ கெரிக் 1925 முதல் 1939 வரை ஓர் ஆட்டமும் தவறாமல், தொடர்ந்து 2130 ஆட்டங்கள் ஆடினார். கடும் நரம்பு நோய் பற்றிய பின்னரே நின்றார், இரண்டாண்டில் காலமானார். நாள்தோறும் தவறாமல் வருவதையே வீரமாகப் போற்றும் விளையாட்டு வேறு எது என்று நான் அறியேன். அரசு அலுவலகங்களில் தற்செயல் விடுப்பைக்கூட எடுக்காத சில பெரியவர்களை நாமும் கண்டிருக்கிறோம். அவர்களுக்கு யாரும் கைதட்டுவதில்லை.

1953-ல் பாஸ்டனின் பிரேவ்ஸ் குழு மில்வாக்கீ நகருக்குக் குடிபெயர்ந்தது. 1958-ல் புரூக்ளினின் டாட்ஜர்ஸும் நியூயார்க்கின் ஜயண்ட்ஸும் கண்டத்தைக் கடந்து கலிபோர்னியா சென்றன. இரயிலை நம்பியிருந்தால் இது நடந்திராது. ஆகாய விமானமே வழிவிட்டது. புதிய நகரங்களும் குழு கேட்டன. 1961-ல் அமெரிக்கன் லீக் பத்துக் குழுக்களாக விரிந்தது. ஏழாம் வாய்ப்பாட்டிற்கு வேலை போயிற்று, எதிர்க்குழுக்கள் ஒன்பது. பதினாறொன்பது 144 என்றால் வருவாய் குறையும். பதினேழு ஒற்றைப்படை, சொந்த ஊர், அயலூர் என்று சமமாகப் பிரிக்க இயலாது. பதினெட்டொன்பது 162. இவ்வளவே இன்றைய எண்ணின் பிறப்பு வரலாறு. நேஷனல் லீக் மறு ஆண்டு அதே வழியைப் பின்பற்றியது.

எட்டே ஆட்டங்கள் கூடின. அந்த எட்டு ஆட்டங்கள் ஒரு மனிதரை வாட்டிய கதை பேஸ்பால் உலகம் நன்கறிந்தது. 1961-ல் யாங்கீஸ் குழுவில் ரோஜர் மாரிஸ், மிக்கி மான்ட்டில் என்னும் இருவர் ரூத்தின் 60-ஐ நோக்கிப் போட்டியிட்டு முன்னேறினர். மான்ட்டில் மக்களின் செல்லப்பிள்ளை. மாரிஸ் கூச்சமுள்ளவர், பத்திரிகையாளரிடம் பேசத் தெரியாதவர். அப்போது இரு சங்கங்களுக்கும் பொதுத் தலைமை ஆணையராக இருந்த போர்ட் பிரிக், முன்னாளில் பத்திரிகையாளராக ரூத்தின் பெயரில் கட்டுரைகள் எழுதிக் கொடுத்தவர். ஜூலை 17-ஆம் நாள் அவர் ஓர் அறிக்கை விடுத்தார். முதல் 154 ஆட்டங்களுக்குள் 60-ஐக் கடந்தால்தான் ரூத்தின் சாதனை முறியடிக்கப்பட்டதாகும். அதற்குப் பின் கடந்தால், நீண்ட பருவத்தில் அடித்தது என்பதைப் பதிவேட்டில் வேறுபடுத்திக் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம்.

பருவம் பாதி கடந்தபின் இலக்கை மாற்றி வைத்தது போலாயிற்று இது. மான்ட்டில் நோயுற்று 54-ல் நின்றார். மாரிஸின் தலைமயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது என்று எழுதியிருக்கிறார்கள். 154-ஆம் ஆட்டம் ரூத் பிறந்த ஊராகிய பால்டிமோரில் நடந்தது; அதன் முடிவில் மாரிஸ் 59. அக்டோபர் 1-ஆம் நாள், பருவத்தின் கடைசி ஆட்டத்தில், 61-வது ஹோம் ரன் அடித்தார். அந்தப் பெருந்திடலில் அன்று இருந்தோர் 23,154 பேர் மட்டுமே.

பிரிக்கின் வாதத்தில் நியாயம் இல்லையென்று சொல்லிவிட முடியாது. எட்டு ஆட்டங்கள் கூடுதலே. ஆனால் மட்டையெடுக்க வந்த முறைகளைக் கணக்கிட்டால், 1927-ல் ரூத் வந்தது 691 முறை. 1961-ல் மாரிஸ் வந்தது 698 முறை. வேறுபாடு ஏழு. மேலும், ரூத் பகலில் மட்டுமே ஆடினார், விமானத்தில் கண்டம் கடக்கவில்லை, கறுப்பின ஆட்டக்காரர் எவரும் எதிர்க்க முடியாத காலத்தில் ஆடினார். இவற்றுக்கெல்லாம் பதிவேட்டில் குறியிட எவரும் முன்வரவில்லை. நீளம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அளப்பது நேர்மையான அளவு ஆகாது என்பது என் எண்ணம். முப்பது ஆண்டுகள் இரு சாதனைகளும் தனித்தனி வரிகளில் அச்சாகி வந்தன. 1991-ல் ஒரு குழு கூடி அந்த வேறுபாட்டை நீக்கியது. மாரிஸ் 1985-லேயே, 51-ஆம் வயதில், காலமாகியிருந்தார்.

அதற்குப்பின் எண்ணிக்கை மாறவில்லை. உள்ளமைப்பு மட்டும் மாறிக்கொண்டே வந்தது. 1969-ல் ஒவ்வொரு சங்கமும் பன்னிரண்டு குழுக்களாகி, ஆறாறாக இரு பிரிவுகளாயிற்று. தன் பிரிவில் உள்ள ஐந்துடன் தலா 18, மற்றப் பிரிவில் உள்ள ஆறுடன் தலா 12, மீண்டும் 162. பின்னர் குழுக்கள் முப்பதாயின, பிரிவுகள் ஆறாயின. 1997 முதல் இரு சங்கத்தாரும் பருவத்தினிடையே தம்முள் ஆடலாயினர். 2023 முதல் ஒவ்வொரு குழுவும் மற்ற இருபத்தொன்பதுடனும் ஆடுகிறது. இத்தனை நிபந்தனைகளையும் பொருத்தி அட்டவணை வகுப்பது எளிதன்று. ஹென்றி ஸ்டீபன்சன், ஹாலி ஸ்டீபன்சன் என்னும் கணவனும் மனைவியும் 1982 முதல் 2004 வரை கணிப்பொறியின் துணையுடன் அந்தப் பணியைச் செய்து வந்தனர். இறுதிப் போட்டிகளில் நுழையும் குழுக்கள் 2022 முதல் பன்னிரண்டு. முதலிடம் பெற்ற குழு மட்டுமே நுழைந்த காலத்தில் 154 ஆட்டங்களுக்கு இருந்த கடுமை இன்று 162-க்கு இல்லை என்று முதியோர் குறைப்படுவதில் உண்மை உண்டு.

உடன்படிக்கை முறிந்த ஆண்டுகளும் உள. 1972-ல் ஓய்வூதியம் பற்றிய பூசலால் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஏப்ரலில் மொத்தம் 86 ஆட்டங்கள் நடைபெறவில்லை. ஆடாத நாட்களுக்கு ஊதியம் கொடுக்க உரிமையாளர்கள் விரும்பாததால் அவற்றை மீண்டும் ஆடவும் இல்லை. குழுக்கள் சமமற்ற எண்ணிக்கையில் ஆடி முடித்தன. டெட்ராய்ட் 86 வென்று 70 தோற்றது. பாஸ்டன் 85 வென்று 70 தோற்றது. அறுபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் அரை ஆட்ட வேறுபாடு. மீண்டும் டெட்ராய்ட்டுக்கே பேறு. 1994-ல் நிலைமை இன்னும் மோசம். ஆகஸ்ட் 12-ல் தொடங்கிய வேலைநிறுத்தம் தீரவில்லை. 1904-க்குப் பின் முதன்முறையாக உலகத் தொடர் நடைபெறவில்லை. அன்று 74 வென்று 40 தோற்று முன்னணியில் நின்றது கனடாவின் மான்ட்ரியால் குழு. அந்நகருக்கு அத்தகைய வாய்ப்பு பிறகு வரவில்லை. 2004-க்குப் பின் அந்தக் குழு வாஷிங்டனுக்குச் சென்றுவிட்டது. 2020-ல் கொள்ளைநோய்க் காலத்தில், பார்வையாளரற்ற திடல்களில், 60 ஆட்டங்களோடு பருவம் முடிந்தது. ஆயினும் அதன் வெற்றிகளும் சாதனைகளும் முறையானவையாகவே பதிவேட்டில் ஏற்றப்பெற்றன.

அறுபது ஆட்டங்களையும் ஒரு பருவம் என்று ஏற்றுக்கொண்டவுடன் ஒரு பழைய கேள்வி எழுந்தது. 1880-களின் பிற்பகுதியிலிருந்து 1946 வரை, எழுதப்படாத ஒரு கட்டுப்பாட்டால், கறுப்பின மக்கள் இந்த லீகுகளில் ஆட அனுமதிக்கப்படவில்லை. அவர்கள் தமக்கென்று குழுக்கள் அமைத்துக்கொண்டனர். 1920-ல் ரூப் பாஸ்டர் என்பவர், தாமே சிறந்த பந்தெறிபவராகவும் குழுத் தலைவராகவும் விளங்கியவர், கான்ஸாஸ் நகரில் நீக்ரோ நேஷனல் லீகை நிறுவினார். ஹல்பர்ட் செய்ததையே அவரும் செய்ய முயன்றார்: குழுக்களைக் கூட்டினார், விதி வகுத்தார், அட்டவணை தந்தார். ஆனால் அட்டவணைக்கு முதலில் வேண்டுவது திடல். அக்குழுக்களுள் பெரும்பாலானவற்றுக்குச் சொந்தத் திடல் இல்லை. வெள்ளையர் குழு வெளியூர் சென்ற நாட்களில், அவர்களுடைய திடலை வாடகைக்கு எடுத்து ஆட வேண்டியிருந்தது. லீக் ஆட்டங்களின் வருவாயைக் கொண்டு மட்டும் வாழ இயலாமையால், சிற்றூர் தோறும் பேருந்தில் சென்று உள்ளூர்க் குழுக்களுடன் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினர். கான்ஸாஸ் நகர மானர்க்ஸ் குழு 1930-லேயே சுமையுந்துகளில் விளக்குகளை ஏற்றிச் சென்று இரவில் ஆடியது. சின்சினாட்டியில் ரூஸ்வெல்ட் விளக்கேற்றுவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே. அவர்கள் ஆண்டுதோறும் ஆடிய ஆட்டங்கள் 154-க்குக் குறைந்தவை அல்ல. ஆனால் லீக் ஆட்டம் என்று எண்ணத்தக்கவை அவற்றில் ஒரு பகுதியே. அவையும் குழுவிற்குக் குழு வேறுபட்டன. பருவம் சீராக இல்லை என்பதே, பல்லாண்டுகள் அவர்களுடைய எண்களைப் பதிவேட்டில் சேர்க்காமைக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. சீரான பருவத்தை அமைத்துக்கொள்ளும் வசதியை மறுத்தவர்களே அந்தக் காரணத்தையும் சொன்னார்கள்.

2020 டிசம்பரில், 1920 முதல் 1948 வரையுள்ள ஏழு நீக்ரோ லீகுகள் முதல்தரமானவை என்று ஏற்கப்பெற்றன. பழைய செய்தித்தாள்களிலிருந்து ஆய்வாளர்கள் ஆட்டம் ஆட்டமாகத் தேடித் திரட்டிய கணக்குகள் 2024 மே மாதத்தில் பொதுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. வாழ்நாள் அடிவீதத்தில் பன்னெடுங்காலம் முதலிடத்தில் இருந்தவர் டை காப். ஆயிரத்துக்கு 367 என்பது அவருடைய எண். இப்போது அந்த இடத்தில் ஆயிரத்துக்கு 372 என்னும் எண்ணுடன் ஜாஷ் கிப்ஸன் பெயர் இருக்கிறது. அவர் ஆடிய ஹோம்ஸ்டெட் கிரேஸ் குழுவிற்குச் சொந்தத் திடல் கிடையாது. பிட்ஸ்பர்கிலும் வாஷிங்டனிலும் வெள்ளையர் குழுக்களின் திடல்களில்தான் ஆடியது. கறுப்பினத்தவரான ஜாக்கி ராபின்ஸன், புரூக்ளின் குழுவின் சட்டையணிந்து முதல்தரத் திடலில் அடியெடுத்து வைத்தது 1947 ஏப்ரல் 15-ஆம் நாள். கிப்ஸன் அதே ஆண்டு ஜனவரியில், தம் 35-ஆம் வயதில், காலமானார்.